மில் மெஷினுக்கும் ஒரு கீபோர்டு!

என்டர் கீயை அழுத்துகிறீர்கள். கம்ப்யூட்டருக்குள் போகும் செய்தி என்ன? அழுத்தப்பட்டதா, இல்லையா? 1 அல்லது 0. அவ்வளவுதான்.

கோவை, பல்லடம், உடுமலை பக்கம் ஸ்பின்னிங் மில்களில் ஓடும் மெஷின்களுக்குள்ளும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. பிஎல்சி என்பார்கள். அதற்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. இதில் மவுஸ் கிடையாது. ஆனால் கீபோர்டு போல ஒன்று உண்டு. அதுதான் டிஜிட்டல் இன்புட் மாட்யூல். கதவு மூடியிருக்கிறதா, ஸ்டாப் பட்டனை அழுத்தினார்களா என்பதை பிஎல்சி இதன் வழியாகத்தான் அறிகிறது. 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ரிலே பலகைகளுக்கு மாற்று தேடியபோது பிறந்தது மோடிகான் 084. அன்றிலிருந்தே அடிப்படை இதுதான்.

மாட்யூல் வாங்கும்போது பலரும் 16 இன்புட்டா, 32 இன்புட்டா என்றுதான் கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வயரில் என்ன வருகிறது என்பதை. பெரும்பாலும் 24 வோல்ட் டிசி. 15 வோல்ட்டுக்கு மேல் வந்தால் 1. 5 வோல்ட்டுக்குக் கீழே என்றால் 0. நடுவில் நின்றால் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். வயர் சிக்னல் நேராக பிராசஸருக்குப் போவதில்லை. ஆப்டோகப்ளர் என்ற சில்லு அதை ஒளியாக மாற்றி உள்ளே அனுப்புகிறது. வெளியே ஏற்படும் மின் கோளாறு பிராசஸரை எட்டாமலிருக்க இந்த ஏற்பாடு.

அடுத்து சென்சார். பிஎன்பி வகை 24 வோல்ட்டை வெளியே தரும். என்பிஎன் வகை வயரை 0 வோல்ட்டுக்கு இழுக்கும். மாட்யூலின் காமன் டெர்மினலை அதற்கேற்ப இணைக்க வேண்டும். ஒரே காமனில் இரண்டு வகையையும் கலக்காதீர்கள். இரண்டு வயர் சென்சார் என்றால் ஆஃப் நிலையிலும் கொஞ்சம் மின்சாரம் கசியும். அதற்கு டைப் 3 இன்புட் நல்லது.

ஃபில்டர் நேரமும் முக்கியம். சுவிட்ச் மூடும்போது உள்ளே இருக்கும் உலோகத் துண்டுகள் துள்ளும். உங்கள் கீபோர்டிலும் அப்படித்தான். அதை ஒதுக்க மாட்யூல் சில மில்லி செகண்டுகள் காத்திருக்கிறது. ஆனால் ரோலர் சுற்றை எண்ண விநாடிக்கு 500 பல்ஸ் வந்தால் அத்தனையும் அந்த ஃபில்டரில் காணாமல் போகும். எண்ணுவதற்கென்றே அதிவேக கவுண்ட்டர் மாட்யூல் இருக்கிறது.

இனி வயரிங். ஒரு மில்லில் எலக்ட்ரீஷியன் சொன்னார்: "ஏனுங்க சார், கார்டிங் மெஷின் கதவைத் தொறந்தாலும் ஓடிட்டே இருக்குதுங்க." மாட்யூலில் குறையில்லை. கதவு திறந்தால் 1 வரும்படி யாரோ வயரிங் செய்திருந்தார்கள். எலி கடித்து வயர் அறுந்துவிட்டது. 0 வந்ததும், கதவு மூடியிருக்கிறது என்று பிஎல்சி எடுத்துக்கொண்டது. உள்ளேயோ கம்பிப் பற்கள் கொண்ட சிலிண்டர் சுழல்கிறது. கை போனால் போனதுதான்.

சுவிட்சின் மறு காண்டாக்டில் வயரை மாற்றி, புரோகிராமையும் திருத்தினேன். இப்போது கதவு மூடியிருந்தால் 1. திறந்தாலும் 0, வயர் அறுந்தாலும் 0. இரண்டிலும் மெஷின் நிற்கும். ஸ்டாப் பட்டனுக்கும் இதே முறைதான். எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் சாதாரண மாட்யூலை நம்பி விடவே கூடாது; அது சேஃப்டி ரிலே வழியாக மோட்டாரின் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். அப்போதும் கார்டிங் சிலிண்டர் உடனே நிற்காது, சுழன்றுகொண்டேயிருக்கும். அது நிற்கும்வரை கதவு திறக்காதபடி பூட்டும் தேவை.

மோட்டார் கேபிளோடு சென்சார் வயரை ஒரே குழாயில் இழுக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்டாப், கதவு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மாட்யூலில் அந்தந்த எல்இடி அணைந்து மெஷின் நின்றால்தான் ஒப்படைக்கலாம்.