மாரியில் ஊறும் பட்டறை

கிழக்கிலங்கையின் வீரமுனையில் நிலத்துக்குக் கீழே பட்டறை போடவேண்டும் என்று கேட்டால் மேசன் சிரித்துவிடுவார். சுற்றிலும் வயல்; மாரி பிடித்தால் கிணற்று நீர் மேலேறிவிடும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் காரைதீவு - சம்மாந்துறை வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்ததை இப்பகுதியில் மறந்தவர் இல்லை. ஆகவே பட்டறைகள் தரைமட்டத்தில்தான். ஆனாலும் நிலக்கீழ் அறைக்கு வரும் நோய்கள் அவற்றுக்கும் வரும்: சுவரில் உப்புப் பூக்கும், உளியில் கறள் ஏறும், பலகையில் பூஞ்சணம் படரும்.

நிலத்துக்குள் காலை இறக்கி வேலை செய்பவர்களும் உண்டு. காஞ்சிபுரத்துக் குழித்தறியில் நெசவாளர் தரையில் அமர்ந்து, குழிக்குள் இருக்கும் மிதிகளை மிதிக்கிறார். வடகிழக்குப் பருவமழையில் குழிக்குள் நீர் ஊறினால் தறி நின்றுவிடும். ஆனால் மற்ற நாட்களில் அந்தக் குழியின் ஈரமே உதவி. வறண்ட காற்றில் நூல் பட்டென்று அறும். அளவான ஈரத்தில் இழுவையைத் தாங்கும். கல்முனைக்கு வடக்கே, கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் ஓடும் பருத்தி நூலுக்கும் இதே குணம்தான். நெசவாளருக்கு வேண்டிய இந்த ஈரம் தச்சருக்கு ஆகாது.

காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பில் கறள் வேகமெடுக்கும். கடற்காற்று கொண்டுவந்து படியவிடும் உப்பு, 75 சதவீதமளவில் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கரையோரத்து உளிகள் சீக்கிரம் கறள் பிடிப்பது இதனால்தான். 80 சதவீதத்துக்கு மேல் சில நாட்கள் நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். மரத்தூளும் நூலுக்குப் போட்ட கஞ்சியும் அதற்குத் தீனி. மரத்தையே உக்கவைக்கும் பங்கசுக்கு மட்டும் இன்னும் கூடுதல் ஈரம் வேண்டும்: மரத்தின் உள்ளே ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல்.

ஊறிய சுவருக்குச் சீமெந்தும் பெயின்றும் பூசி மறைப்பதுதான் இங்கே வழக்கமான வைத்தியம். காசுதான் நட்டம். வெளியேற வழியில்லாத நீர் சுவரில் இன்னும் மேலே ஏறும். முதலில் வெளியே பார்க்கவேண்டும்: கூரைத் தண்ணீரைப் பீலியில் பிடித்து, சுவரைவிட்டுத் தள்ளி விழச் செய்யவேண்டும். புதிதாகக் கட்டுவோர் அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படையும், தரைக் கொங்கிரீட்டுக்கு அடியில் தடித்த பொலித்தீனும் போட மறக்கக்கூடாது.

யன்னல் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மழை பெய்யும்போது திறந்துவைத்தால் உள்ளே வருவது இன்னும் ஈரமான காற்று. வெயில் காயும் மத்தியானத்தில் திறப்பதே பலன் தரும். ஈரப்பதன் பார்க்கும் சிறு கருவியைச் சுவரில் மாட்டிவைத்தால் ஊகத்துக்கு வேலையில்லை. சீவுளி, வாள், உளிகளை வேலை முடிந்ததும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு மூடிய பெட்டிக்குள் வைப்பது எல்லாவற்றிலும் மலிவான காவல்.

பூஞ்சணம் வந்துவிட்டால் உலர்ந்த துடைப்பத்தால் தட்டக்கூடாது. வித்திகள் பட்டறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். வெள்ளம் புகுந்தால் முதல் 48 மணித்தியாலம் முக்கியம். அதற்குள் உலராதவற்றில் பூஞ்சணம் முளைக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஊதிவிட்டால் மீளாது. தேக்கும் முதிரையும் அப்படியல்ல. நிலத்தில் படாமல், இடையிடையே சட்டம் வைத்து, நிழலில் அடுக்கினால் மெல்ல உலர்ந்து தேறும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.