ஒத்தைக் கைக்குச் சோறு

போன ஐப்பசியில் மகள் தலைப்பிரசவத்துக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். சிசேரியன். பெண் குழந்தை, 2 கிலோ 800 கிராம். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மதியம், சாப்பிட்ட தட்டை எடுத்து வரலாம் என்று அவள் அறைக்குப் போனேன். காலையில் வைத்த ஐந்து இட்லியில் மூன்றரை அப்படியே இருந்தது. சட்னி காய்ந்து தட்டோடு ஒட்டிக் கிடந்தது.

"ஏன் கண்ணு, பசிக்கலையா?" என்றேன். கேட்டதுதான் தாமதம், பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"பசிக்குதுப்பா. எப்பத் தின்னறதுன்னுதான் தெரியல."

முப்பத்தி நாலு வருஷம் பேங்கில் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு தோட்டத்துக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. மழை, முளைப்பு, கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவன். அன்று சாயங்காலமே அதே நோட்டில் இன்னொரு பக்கத்தைத் திருப்பி, குழந்தை பால் குடிக்கும் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். மூன்று நாள் குறித்ததில் ஒரு நாளைக்கு 10, 12, 11 முறை வந்தது. ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்தில் இருந்து முக்கால் மணி நேரம். பச்சைக் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது வழக்கம்தான் என்று டாக்டரம்மா சொன்னார். அப்படியென்றால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் பால் கொடுப்பதற்கே போகிறது. ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் தனி. இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, சாவகாசமாக உட்கார்ந்து தின்னும் அரை மணி நேரம் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

நோட்டைக் கொண்டுபோய் வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன். ஏதோ கண்டுபிடித்துவிட்டது போல.

"ஏனுங்க, இதென்ன புதுசா? இவ பொறந்தப்ப நீங்க வெளியூர்க் கிளையில இருந்தீங்க. சனிக்கிழமை ராத்திரி வருவீங்க, திங்கக்கிழமை கருக்கல்ல போயிருவீங்க. நான் எப்பத் தின்னேன், எதைத் தின்னேன்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா?"

கேட்டதில்லை. அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதில் நம் ஊரில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். செலவு ரசம், பூண்டு, பிரசவ மருந்து என்று போய்க்கொண்டே இருக்கும். கொடுக்கக் கூடாதது அதைவிட நீளம். அதை எந்தக் கையால் தின்னப் போகிறாள் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. இடப்பக்கம் பால் கொடுக்கும்போது குழந்தையின் தலை இடது முழங்கை மடிப்பில் இருக்கும். வலது கை சும்மா இருக்கும். வலப்பக்கம் மாற்றினால் மிச்சம் இருப்பது இடது கைதான். அதில் தின்ன அவளுக்குக் கூச்சம். 87 வயது என் அம்மாதான் அதை முதலில் கவனித்தார். "பசிக்கு எந்தக் கையா இருந்தா என்ன? கழுவிட்டுத் தின்னு சாமி" என்றார். சொல்லிவிட்டு அவரே பக்கத்தில் உட்கார்ந்து, அரிசிம்பருப்புச் சோற்றை உருட்டி உருட்டிப் பேத்திக்கு ஊட்டிவிட்டார். அன்று அவள் தின்ற அளவைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் ஊட்டுவது? அதுவும் வயிற்றில் தையல் இருக்கிறவள், எழுந்து அடுக்களைக்குப் போகவும் முடியாது.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். சொல்கிறது. அதில் பெரும்பகுதியைக் கையில் எடுத்து வாயில் போடும்படி கொடுக்க முடியுமா என்று பார்த்தேன். அம்மாதான் வழி சொன்னார். அந்தக் காலத்தில் களை எடுக்கப் போகும் பெண்கள் வறுத்த கடலையும் வெல்லமும் இடித்த உருண்டையை மடியில் கட்டிக்கொண்டு போவார்களாம். ஒரு கையில் களைக்கொத்து இருக்கும், இன்னொரு கையில் உருண்டை. காட்டு வேலைக்குச் செய்த பண்டம் இதற்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வறுத்துத் தோல் நீக்கிய கடலை அரை கிலோ, வறுத்த எள்ளு 200 கிராம், கம்பை வறுத்து அரைத்த மாவு 150 கிராம், வெல்லம் 350 கிராம், கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். உரலில் போட்டு இடித்தால் கடலையும் எள்ளும் எண்ணெய் விட்டுத் தானாகவே பிடிபடும். பாகு வேண்டியதில்லை. மிக்சியில் அடிப்பதாக இருந்தால் விட்டுவிட்டு அடிக்க வேண்டும், ஒரேயடியாக ஓட்டினால் களிம்பாகிவிடும்.

முதல் தடவை எலுமிச்சை அளவுக்குப் பிடித்தேன். கடிக்கும்போது உதிர்ந்து, தூள் எல்லாம் குழந்தையின் கழுத்து மடிப்பில் விழுந்தது. அம்மாக்காரி சிரித்தாள், எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. அடுத்த தடவை சின்ன நெல்லிக்காய் அளவு, ஒரே வாய். ஒன்று 15 கிராம், ஏறக்குறைய 70 கலோரி வரும். பகலும் ராத்திரியுமாக எட்டு தின்றால் அந்த 600-ஐ ஒட்டி வந்துவிடும்.

உருண்டையை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, எறும்பு ஏறாமல் இறுக்கி மூடி, தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஒன்றுகூடக் குறையவில்லை. "ஒத்தைக் கையில மூடியத் திறக்க முடியலப்பா. உங்களை எழுப்பவும் மனசு வரல" என்றாள். உருண்டையைப் பற்றியே யோசித்தவன் மூடியை மறந்துவிட்டேன். பிறகு, தொட்டால் திறக்கும் பனையோலைப் பெட்டிக்கு மாற்றினோம். எறும்புக்கு, தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பெட்டி. பக்கத்தில் ஈரத்துணி ஒன்று, கை துடைக்க. தண்ணீருக்கும் இதே பாடுதான். திருகு மூடி பாட்டில் கூடாது, ஒரு விரலால் திறக்கிற பாட்டில்தான் சரி.

வெறும் இனிப்பையே எத்தனை நாள் தின்பாள்? ராகி மாவில் முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், சீரகம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, வாழையிலையில் தட்டி, நல்லெண்ணெய் விட்டு உள்ளங்கை அளவு அடையாகச் சுட்டோம். தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம் என்கிற அளவுக்கு உப்பு, காரம் அதிலேயே இருக்க வேண்டும். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசிக் குருணையும் பாசிப்பருப்பும் தாளித்து வேகவைத்து, தேங்காய் சேர்த்துப் பிடித்த பிடி கொழுக்கட்டை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பூண்டுப் பல்லை நெய்யில் வதக்கி அதற்குள்ளேயே வைத்துவிட்டால் பூண்டு வேண்டாம் என்ற பேச்சு வருவதில்லை. ஆனால் கொழுக்கட்டை அன்றன்றைக்குத் தீர வேண்டும்; ராத்திரிக்கு வைக்க ஏற்றதல்ல. மற்றபடி அவித்த முட்டை, சர்க்கரைவள்ளிக்கிழங்குத் துண்டு, வாழைப்பழம். இதற்கெல்லாம் செய்முறை எழுத வேண்டியதில்லை. உரித்து வைக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

செலவு ரசம் பால் கொடுக்கும் நேரத்தில் வேண்டாம். ஒரு தடவை சூடாக டம்ளரில் கொண்டுவந்து நீட்டினேன். குழந்தை காலை உதறியதில் டம்ளர் ஆடி, நல்லவேளையாக ரசம் கட்டிலில் சிந்தியது. குழந்தை மடியில் இருக்கும்போது சூடான எதையும் தாயின் கையில் கொடுக்காதீர்கள்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து, கடலை பித்தம், குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்றார். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். கடலை ஒவ்வாமை இல்லாதவர்கள் தாராளமாகத் தின்னலாம், தண்ணீர் தாகத்துக்குக் குடித்தே ஆக வேண்டும் என்றார். பாலைச் சுரக்க வைப்பது பூண்டைவிடக் குழந்தை உறிஞ்சுவதுதான் என்றும் சொன்னார். அந்த உறிஞ்சலுக்கு ஈடு கொடுக்கிற உடம்புக்குத்தான் இந்தச் சோறெல்லாம். கூடவே எனக்கும் ஒரு குட்டு. நம் தோட்டத்துப் பெட்டித் தேன், சுத்தமானது, குழந்தை நாக்கில் ஒரு சொட்டு வைக்கலாமா என்று பெருமையாகக் கேட்டிருந்தேன். எவ்வளவு சுத்தமான தேனானாலும் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது என்றுவிட்டார்.

நம் ஆட்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடிப்பட்டத்துக் கடலையை அந்த வருஷம் ஐப்பசி மழையில்தான் பிடுங்கினோம். காய் சரியாகக் காயவில்லை. உடைத்துப் பார்த்தபோது சில பருப்பில் பச்சையாகப் பூசணம். மருந்தடிக்காத கடலைதானே, ஒன்றும் செய்யாது என்று இருந்துவிடக் கூடாது. பூசணக் கடலையில் இருக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது, தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். பூச்சிக்கொல்லி எச்சம் தாய்ப்பாலில் இருப்பதைப் பற்றி நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அதே அக்கறை நம் களத்துக் காய்ச்சலிலும் இருக்க வேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தோம். எட்டு கிலோவில் முக்கால் கிலோ போனது. அம்மா முறத்தை வைத்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் இதே வேலையாக இருந்தார்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தவில்லை. முருங்கைக்கீரை இருக்கிறதே என்று மாத்திரையை விடுவது சரியல்ல. சாப்பாட்டோடு டீ குடிப்பதைத்தான் நிறுத்தினோம், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. அதற்குப் பதில் நெல்லிக்காய்த் துண்டு இரண்டு, உப்பில் பிரட்டி. அதுவும் ஒற்றைக் கைப் பண்டம்தான்.

நாற்பதாம் நாள் அவள் முகம் தெளிந்திருந்தது. இரண்டாம் மாதம் முடிவில் குழந்தை 4 கிலோ 700. நோட்டில் அந்த வரியின் கீழ் வீட்டுக்காரம்மா பேனாவை வாங்கி ஏதோ எழுதினாள். பார்த்தால், "30 வருஷம் லேட்டு" என்று இருந்தது. அடிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

தை முடிந்து மகளைப் பெங்களூருக்கு அனுப்பும்போது உருண்டை இரண்டு கிலோவும் பனையோலைப் பெட்டியும் கொடுத்துவிட்டோம். பத்தாம் நாள் ராத்திரி மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, உருண்டை தீர்ந்துடுச்சுங்க. நானே செய்யலாம்னு கடலை வறுத்து வச்சிருக்கேன். பாகு என்ன பதங்க?"

"பாகே வேண்டாங்க மாப்பிள்ளை. வறுத்ததைத் தோலை எடுத்துட்டு, முதல்ல நல்லாப் பொறுக்குங்க" என்றேன்.