சேர்வராயன் மலையாளிகள்: வந்தவர்கள் கண்ட வாழ்க்கை

சேலம் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக உள்ள சேர்வராயன் மலையில் வாழும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுகின்றனர். ஏற்காடு இம்மலையில் உள்ள ஊர். ஏரியும் காடும் சேர்ந்த இடம் என்பதால் ஏரிக்காடு என வழங்கிப் பின்னர் ஏற்காடு ஆயிற்று என்பர். ஊரைச் சுற்றி வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம், தலைச்சோலை முதலிய ஊராட்சிகளில் மலையாளிகளின் சிற்றூர்கள் பரவிக் கிடக்கின்றன.

இம்மக்களின் பழைய வாழ்க்கையைப் பற்றி அச்சில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியது. வரி வாங்க வந்தவர், காப்பி பயிரிட வந்தவர், அம்மை குத்த வந்தவர், மூக்கை அளக்க வந்தவர் என்று பலர் வந்தனர். வந்த வேலைக்கு ஏற்பவே கண்ணில் பட்டதையும் எழுதினர். அவர்கள் கண்டது என்ன, காணத் தவறியது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்க் குழப்பம்

மலையாளி என்றதும் கேரளத்தவர் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே அப்பொருள் இல்லை. தொழிலாளி, கூட்டாளி, பங்காளி என்பவற்றில் வரும் 'ஆளி' என்னும் ஈறே மலையோடு சேர்ந்து, மலைக்கு உரியவர் என்னும் பொருளைத் தருகிறது. இவர்கள் பேசுவது தமிழ். ஒலிப்பிலும் சில சொற்களிலும் மலைக்கே உரிய தன்மை உண்டே தவிர, மலையாள மொழிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்னும் பட்டம் சேர்த்துக்கொள்வதும் வழக்கம்.

நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் மலைப்பிள்ளை ஒருவனுக்குத் தாய்மொழி மலையாளம் என்று எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தேன். எழுதியவர் சாதிப் பெயரைப் பார்த்து, பையனிடம் கேட்காமலே நிரப்பிவிட்டார். அதைத் திருத்த அவனுடைய தகப்பனார் இரண்டு முறை மலையிலிருந்து கீழே இறங்கி வர வேண்டியிருந்தது. இரண்டு நாள் கூலி போயிற்று.

வந்தவர்கள் யார்?

ஏற்காட்டை 1842 ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ கண்டறிந்தார் என்று பல இணையப் பக்கங்களில் காணலாம். மாணவர்கள் இதை அப்படியே கட்டுரைகளில் எழுதுகிறார்கள். மன்றோ 1827 ஆம் ஆண்டு சூலை மாதம் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துபோனார். இறந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின் ஒருவர் மலை ஏற முடியாது. ஆண்டுப் பிழையை விட்டாலும், மக்கள் குடியிருந்து உழுது விதைத்துக்கொண்டிருந்த மலையைக் 'கண்டறிந்தார்' என்பது பொருந்தாத சொல்.

ஐரோப்பியர் இம்மலையில் காலூன்றியதை 1820களிலிருந்து சொல்வதே சரி. அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியையும் பேரி, ஆப்பிள் முதலிய பழமரங்களையும் கொண்டுவந்தார். அதன் பின் தோட்டக்காரர்கள் வந்தனர். பங்களாக்கள், தேவாலயங்கள், பள்ளிகள் எழுந்தன.

எழுதியவர்களில் நால்வர் முக்கியமானவர்கள். ஜான் ஷார்ட் என்னும் மருத்துவர் அம்மை குத்தும் துறையின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்திய மலைகளைப் பற்றிய தம் நூல்வரிசையில் சேர்வராயனையும் சேர்த்தார். ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டிலேயே தங்கினார். ஹென்றி லெ பானு 1883 ஆம் ஆண்டில் சேலம் மாவட்டக் கையேட்டை வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909 ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளை வெளியிட்டார். எப்.ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடி 1918 ஆம் ஆண்டில் வந்தது. பின்னவர் முன்னவரை எடுத்தாள்வது அக்கால வழக்கம். ஆகையால் ஒரே செய்தி நான்கு நூல்களில் இருந்தால் அதற்கு நான்கு சாட்சிகள் உள்ளதாக மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது.

வெளியாள் எழுதியது என்பதற்காக இவற்றைத் தள்ளிவிடவும் முடியாது. கம்போடியாவின் அங்கோர் நகருக்கு 1296 ஆம் ஆண்டில் சீனத் தூதுக்குழுவுடன் சென்ற சோ தாகுவான் என்பவர் ஏறத்தாழ ஓராண்டு அங்கே தங்கி, கெமர் மக்களின் வாழ்க்கையை எழுதிவைத்தார். அங்கே வணிகம் செய்வோர் பெண்களே என்றும், தரையில் பாய் விரித்து அதன்மேல் பொருளை வைத்து விற்றார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அரசர்களின் கல்வெட்டுகள் சந்தையைப் பற்றி இப்படி விரித்துச் சொல்வதில்லை. அதே மனிதர் அம்மக்களைக் காட்டுமிராண்டிகள் என்றும் எழுதினார். சேர்வராயனைப் பற்றிய பழைய நூல்களும் இப்படித்தான். நெல்லும் பதரும் ஒன்றாகக் கிடக்கின்றன.

அளக்க வந்தவரை அளந்த மக்கள்

தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளப்பவர். அந்த அளவுகளைக் கொண்டு மக்களை வகைப்படுத்திவிடலாம் என்பது அக்காலத்து நம்பிக்கை. இன்று அதை அறிவியலாக யாரும் ஏற்பதில்லை. தம் தொகுதிகளின் முன்னுரையில், தம்மைக் கண்டு மக்கள் அஞ்சிய கதைகளை அவர் வேடிக்கையாக அடுக்குகிறார். அவற்றில் ஒன்று சேர்வராயன் மலையாளிகளைப் பற்றியது. இவர் நம் நிலத்தை அரசாங்கத்துக்காகப் பறித்துக்கொண்டு நம்மை அந்தமானுக்கு அனுப்பப்போகிறார் என்று அவர்கள் எண்ணிவிட்டார்களாம்.

அறியாத மக்களின் வீண் பயம் என்பது அவர் தொனி. ஆனால் மலைப்பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவர் வருவதற்கு முன்பே பல பத்தாண்டுகளாகச் சரிவுகள் காப்பித் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்தன. தொப்பி போட்டவர் ஒருவர் சங்கிலியும் அளவுகோலும் கொண்டுவந்தால் அடுத்து நிலத்துக்கு வேலி விழும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். அளவெடுப்பவர் மூக்கை அளந்தாலென்ன, நிலத்தை அளந்தாலென்ன? தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் இம்மக்களின் மனத்தை எனக்கு நன்றாகக் காட்டும் இடம் இந்த ஒரு வரிதான். அவரோ அதை நகைச்சுவையாகவே எழுதினார்.

அன்றாட வாழ்க்கை

பழைய வீடுகள் மூங்கிற் படலில் மண் பூசிய சுவரும் புல் வேய்ந்த கூரையும் கொண்டவை. உள்ளே தானியம் வைக்கப் பரண் இருக்கும். விதைத் தானியம் அடுப்புப் புகை படும் இடத்தில் இருந்தால் பூச்சி அண்டாது. வந்தவர்கள் பலர் இந்தப் புகையை அழுக்கு என்று கருதினர். அது விதையைக் காக்கும் முறை. இன்று ஓட்டு வீடுகளும் அரசு கட்டித்தந்த காங்கிரீட் வீடுகளுமே மிகுதி.

சாமை, ராகி, தினை ஆகியவை மலையின் பழைய தானியங்கள். இவற்றில் சாமைக்குத் தனி இடம் உண்டு. மெலிந்த மண்ணிலும் சரிவிலும் விளையும். மழை தவறினாலும் ஓரளவு கைகொடுக்கும். சாமையை அரிசியாக்குவது எளிதன்று. சிறு மணியின் மேல் உமி இறுகப் பற்றியிருக்கும்; உரலில் இட்டுக் குத்திப் புடைத்து, மீண்டும் குத்த வேண்டும். அந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. நியாய விலைக் கடை அரிசி வந்தபின் சாமை குறைந்ததற்குச் சுவை காரணம் அன்று, உரல்தான் காரணம். இப்போது நகரத்துக் கடைகளில் சிறுதானியம் உடல்நல உணவாக விலை ஏறி நிற்கிறது. அதை உண்டு வளர்ந்த குடும்பங்கள் ரேசன் அரிசிச் சோறு உண்கின்றன. சுற்றுலா வந்தவர் ஒருவர், "உங்கள் பாரம்பரிய உணவை ஏன் விட்டீர்கள்?" என்று ஒரு மூதாட்டியைக் கேட்டபோது நான் உடன் இருந்தேன். "நீ வந்து குத்திக் குடு சாமி, திங்கிறேன்" என்றார் அவர்.

பணவரவுக்குக் காப்பியும் மிளகும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதை மலையெங்கும் காணலாம். கார்த்திகை தொடங்கித் தை, மாசி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். அப்போது பகலில் சிற்றூருக்குப் போனால் முதியவர்களும் குழந்தைகளும் மட்டுமே இருப்பர். பள்ளி வருகைப் பதிவேட்டிலும் இந்தப் பருவம் தெரியும்.

ஊர் நிர்வாகம் பழைய நூல்களில் ஓரளவு விரிவாகவே உள்ளது. மலை பல நாடுகளாகப் பிரிந்திருந்தது. நாட்டுக்குத் தலைவர், ஊருக்குத் தலைவர் என்று படிநிலை இருந்தது. திருமணம், தகராறு, கோயில் காரியம் எல்லாம் அவர்கள் முன்னிலையில் முடிந்தன. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் தரும் முறையும், கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளும் உரிமையும் இம்மக்களிடம் இருந்தன. ஆங்கிலேயர் இதை விந்தை வழக்கமாக எழுதினர். சமவெளியில் உயர்சாதிப் பெண்கள் இளமையிலேயே கைம்மை நோற்ற காலத்தில் மலைப்பெண்ணுக்கு இந்த வழி திறந்திருந்தது என்பதை அவர்கள் ஒப்பிட்டிருக்கலாம்.

பொங்கலின்போது எருதாட்டம் உண்டு. சேர்வராயன் குன்றின் உச்சியில், குகையில் அமைந்த கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் உறைகின்றனர். ஆங்கிலத்தில் ஷெவராய் என வழங்கும் மலைப்பெயர் இந்தச் சாமியின் பெயரே. உச்சியின் உயரம் ஏறத்தாழ 1,620 மீட்டர். குகை உள்ளே நீண்டு காவிரி பிறக்கும் இடம் வரை செல்கிறது என்பது மக்கள் நம்பிக்கை. மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலையூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவர். அதே மாதத்தில் ஏற்காட்டில் அரசின் கோடைவிழாவும் மலர்க்கண்காட்சியும் நடப்பதால் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் நெருக்கும். ஒரே பாதையில் ஒரு கூட்டம் சாமி பார்க்கவும் மறு கூட்டம் பூப் பார்க்கவும் ஏறுகிறது.

வந்த கதையும் சான்றிதழும்

தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது மலையாளிகளின் வழிவழிக் கதை. அண்ணன் தம்பி மூவர் தங்கள் தெய்வத்தோடு புறப்பட்டு மலைக்கு ஒருவராகத் தங்கினர். பெரியண்ணன் வழியினர் சேர்வராயனில் உள்ளோர் என்பர். மலைக்கு மலை கதை சிறிது மாறும். இதைக் கேட்ட தர்ஸ்டன், இவர்கள் உண்மையான மலைப்பழங்குடியினர் அல்லர், சமவெளியிலிருந்து பிற்காலத்தில் ஏறிய தமிழர் என்று முடிவு கட்டினார். ஒரு குடி தன் பெருமைக்காகச் சொல்லிக்கொள்ளும் தோற்றக்கதையை வரலாற்று ஆவணம்போல் எடுத்துக்கொண்டு, அதைக்கொண்டே அக்குடியின் தகுதியை அளப்பது சரியன்று என்பது என் கருத்து.

இன்று மலையாளிகள் அட்டவணைப் பழங்குடியினர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுடன் தமிழகப் பழங்குடிகளில் எண்ணிக்கையால் முதலிடத்தில் உள்ளனர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதே. ஆனால் பட்டியலில் மலையாளி என்னும் பெயருக்குப் பக்கத்தில் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்று மாவட்டப் பெயர்கள் உள்ளன. கோயம்புத்தூர் அதில் இல்லை. 1979 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கின்றனர். பெயரும் பட்டமும் இவர்களுக்குப் போன்றே அவர்களுக்கும் உண்டு. ஆயினும் அவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடைப்பதில்லை. நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சேர்வராயன் பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் பர்கூர்ப் பிள்ளைக்கு மாவட்ட எல்லைக்கோட்டால் நின்றுபோகின்றன.

இன்று வருபவர்கள்

இன்றைய வருகையாளர் ஏரியில் படகு ஓட்டி, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்து, பகோடா பாயின்ட்டில் படம் எடுத்துத் திரும்புகிறார். பகோடா என்று பெயர் வந்தது அங்கே பழங்குடியினர் அடுக்கிவைத்த கற்குவியல்களால். அருகில் இராமர் கோயில் உண்டு. அடுக்கியவர் யார் என்று கேட்பவர் குறைவு. காட்சிமுனையில் மிளகும் காப்பித்தூளும் விற்பவரிடமே அதைக் கேட்கலாம்.

சிற்றூர்களுக்குள் செல்ல விரும்பும் மாணவர்கள் முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். கோயில் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். வீட்டுக்குள்ளும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. காப்பிப் பருவத்தில் போவதாக இருந்தால் மாலை ஐந்து மணிக்குப் பின் போவது நல்லது. பகலில் பதில் சொல்ல ஆள் இருக்காது. எழுதியதை அவர்களிடம் படித்துக்காட்டுங்கள். தவறாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.