பத்தாயிரம் எடுத்து ஒன்பதாயிரத்தைத் தூக்கிப் போடும் வித்தை தெரியுமா?

கேரள மலையூரான சூரியநெல்லிக்கு வருகிறவர்கள் விடியும் முன்பே ஜீப் பிடித்துக் கொழுக்குமலை ஏறி, சூரியன் உதிப்பதைப் பார்த்து, டீ குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இரவில் அதே மலைக்கு மேலே வியாழன் ஏறி நிற்கும் உயரத்தைக் கண்டால் ஐரோப்பியக் கிரகப் படக்காரர்கள் பொறாமையில் வெந்துபோவார்கள் என்பது தெரியுமா?

இந்த ஊர் ஏறத்தாழ 10 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரமும் அதே 10 பாகைதான்! அந்தச் செபுவில் இருந்துகொண்டு, வெறும் 11 அங்குலத் தொலைநோக்கியை வைத்து, கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர் வானியலாளர் 2006 பிப்ரவரியில் என்ன கண்டுபிடித்தார் தெரியுமா? வியாழனில் அதுவரை வெள்ளையாக இருந்த ஒரு பெரும்புயல் சிவந்துவிட்டது! வியாழனின் பெரிய சிவப்புப் புள்ளிக்கு ஒரு தம்பி பிறந்த செய்தி வந்தது ஒரு தனிமனிதரின் கணினியிலிருந்து. ஹபிள் விண்தொலைநோக்கி அதைப் படம் பிடித்தது அதற்கப்புறம், ஏப்ரலில்.

அட்சரேகைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்? கிரகங்கள் வானத்தின் நடுக்கோட்டிலிருந்து ரொம்ப தூரம் விலகுவதில்லை. அதனால் நமக்கு அவை எப்போதும் வானில் நல்ல உயரத்துக்கு ஏறிவிடும். லண்டனில் சில வருஷங்களில் வியாழன் 15 பாகை உயரத்தோடு நின்றுவிடும். அப்போது அதன் ஒளி கிட்டத்தட்ட நாலு மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டும். காற்றே பட்டகம் போல வேலை செய்து சிவப்பை ஒரு பக்கமும் நீலத்தை மறுபக்கமும் இழுத்துவிடும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிரகப் படக்காரர் டாமியன் பீச் படம் எடுப்பதற்காகவே பார்படோஸ் தீவுவரை போனது இதனால்தான். நம் ஆள் ஜீப் ஸ்டாண்டைத் தாண்டி நடந்தால் போதும்.

சரி, எவ்வளவு பெரிய வியாழன்? மிக நெருங்கி வரும்போதுகூட நிலாவின் அகலத்தில் முப்பத்தாறில் ஒரு பங்கு! அந்தச் சிறு வட்டம் காற்றின் அலையில் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு போட்டோ எடுத்தால் கலங்கிய மஞ்சள் உருண்டைதான் கிடைக்கும். அப்படியானால் பத்திரிகைகளில் வருகிற, பட்டை பட்டையாய் மேகம் தெரிகிற அந்தப் படங்கள்? அவை போட்டோவே அல்ல, வீடியோ! ஒன்றரை நிமிஷத்தில் பத்தாயிரம் பிரேம். அதில் பெரும்பாலானவை குப்பை. காற்று ஒரு கணம் மூச்சடக்கிய நேரத்தில் விழுந்த சில நூறு, சில ஆயிரம் பிரேம்களை மென்பொருள் தேடிப் பிடிக்கிறது. தேயிலை ஃபாக்டரியில் காய்ந்த தூளைச் சல்லடையில் போட்டு ரகம் பிரிக்கிற அதே வேலை, இங்கே சல்லடை கணக்கால் ஆனது.

எத்தனை பிரேம் தேறும் என்ற கணக்கை 1978-லேயே போட்டுவைத்தவர் அமெரிக்கர் டேவிட் ஃபிரைட். அவர் கண்டது தலைகீழ் அதிசயம்! காற்று அமைதியாக இருக்கும் துண்டின் அகலத்தைப் போலத் தொலைநோக்கியின் வாய் 5 மடங்கு இருந்தால், ஒன்பது பிரேமுக்கு ஒன்று நன்றாக விழும். 7 மடங்கானால் நானூறுக்கு ஒன்று என்கிற அளவில் இறங்கிவிடும். 10 மடங்கானால்? பத்து லட்சத்துக்கு ஒன்று! பெரிய தொலைநோக்கி வாங்கினால் படம் தானாக நன்றாக வரும் என்று நினைக்கிற பணக்காரர்கள் இதைப் படிப்பது நல்லது. சுமாரான காற்றில் 8 அங்குலம், 10 அங்குலமே பல இரவுகளில் போதும்.

தேர்ந்த பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இன்னொரு மாயம். 2500 பிரேம் அடுக்கினால் படத்தின் புள்ளி இரைச்சல் 50 மடங்கு குறைகிறது (வர்க்கமூலக் கணக்கு, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்). இதையெல்லாம் ஆரம்பித்துவைத்தது என்ன கேமரா தெரியுமா? கணினியில் முகம் பார்த்துப் பேச வாங்கிய வெப்கேம்! அதற்கு ஏற்ற மாதிரி நெதர்லாந்தின் கோர் பெரெவூட்ஸ் ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளை எழுதி இலவசமாகவே கொடுத்தார். இன்று பலரும் பயன்படுத்தும் ஆட்டோஸ்டாக்கர்ட்டை எழுதிய எமில் கிராய்காம்பும் அதே நாட்டுக்காரர். அதுவும் இலவசம்.

ஆனால் நிதானமாக எடுத்துக்கொண்டிருக்க வியாழன் விடாது! அது தன்னைத்தானே சுற்றிவர பத்து மணி நேரம்கூட எடுப்பதில்லை. இரண்டு நிமிஷம் வீடியோ எடுப்பதற்குள் நடுவில் இருக்கும் மேகம், 8 அங்குலத் தொலைநோக்கி பிரித்துக்காட்டும் அளவுக்கு நகர்ந்தே போய்விடும். வின்ஜூபோஸ் என்ற மென்பொருள் அந்தச் சுழற்சியைப் பின்னோக்கித் திருப்பி, அடுத்தடுத்து எடுத்த பல வீடியோக்களை ஒரே கணத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஓடுகிற கிரகத்தைக் கணக்கில் நிறுத்துகிறார்கள்!

கடைசியில் கூர்மையாக்கும் கட்டம். அலைத்துணுக்குக் கணக்கில் படத்தைப் பெருவிவரம், நுண்விவரம் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, வேண்டிய அடுக்கை மட்டும் தூக்கிவிடலாம். கலங்கல் உருண்டையில் திடீரென்று பட்டைகள் எழும்புவதைத் திரையில் பார்த்தால் கைதட்டத் தோன்றும். ஆபத்தும் அங்கேதான். ஸ்லைடரைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் செவ்வாயின் விளிம்பில் இல்லாத ஒரு வளையம் முளைக்கும். அமெரிக்காவின் பெர்சிவல் லோவெல் 1894 முதல் கண்ணால் பார்த்து வரைந்த செவ்வாய்க் கால்வாய்கள் நினைவிருக்கிறதா? 1909-ல் பாரிஸ் அருகே மியூடனில் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் அந்தோனியாடி பார்த்தபோது அந்தக் கோடுகள் சிதறிப் புள்ளிகளும் திட்டுகளுமாகிவிட்டன. அன்று கண்ணும் மூளையும் செய்த மிகையை இன்று மென்பொருள் செய்கிறது. என் கட்சி எப்போதும் கொஞ்சம் மங்கலான படத்தின் பக்கம்தான்.

ஆனால் படத்தில் முளைப்பது நிஜமாகவே இருக்கும் இரவுகளும் உண்டு. 2009 ஜூலை 19. ஆஸ்திரேலியாவில் ஆண்டனி வெஸ்லி என்ற கணினிக்காரர் தன் 14.5 அங்குலத் தொலைநோக்கியில் வியாழனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் டிவியில் கிரிக்கெட்டும் கோல்ஃபும் பார்க்கப் போய்விட்டுத் திரும்பிவந்தால், தென்துருவத்தருகே ஒரு கறுப்புத் தழும்பு! எதுவோ மோதியிருக்கிறது. ஷூமேக்கர்-லெவி வால்வெள்ளி வியாழனில் விழுந்து சரியாகப் பதினைந்து வருஷம் கழித்து. ஹவாயில் இருக்கும் நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதி செய்தது. 2010 ஜூனில் வியாழனில் ஒரு தீப்பொறி மின்னியதையும் வெஸ்லியே பிடித்தார். அதே மின்னலைச் செபுவிலிருந்து கோவும் பதிவு செய்திருந்தார்!

தொலைநோக்கியே இல்லாமல் சாதித்த தமிழரைத் தெரியுமா? சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். 2019 செப்டம்பரில் இந்தியாவின் சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்குகலம் நிலாவில் விழுந்து நொறுங்கியது. நாசாவின் சுற்றுக்கலம் செப்டம்பர் 17-இல் எடுத்த படத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். இவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். கண்ணில் பட்டது ஒரே ஒரு பிரகாசமான பிக்சல்! 1.3 மீட்டர் அகலத் தரை அவ்வளவும் அந்த ஒரு பிக்சலில். முக்கிய மோதல் இடத்திலிருந்து வடமேற்கே 750 மீட்டரில் கிடந்த சிதைவு அது. டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது.

சூரியநெல்லியில் முயலுவோருக்கு: லயத்துத் தகரக் கூரைக்கு மேலாகக் கிரகத்தைப் பிடிக்காதீர்கள். பகலில் வாங்கிய சூட்டைக் கூரை இரவில் விடும்போது படம் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். தொலைநோக்கியையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துக் குளிரவிட வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் திறந்திருக்கும்.

மழையும் மஞ்சும் மூடுகிற மாதங்களில்? வீட்டுக்குள்ளேயே வேலை இருக்கிறது. நாசாவின் ஜூனோ விண்கலம் 2016 ஜூலையில் வியாழனை அடைந்தது. அதிலுள்ள ஜூனோகேம் கேமராவின் பதப்படுத்தாத மூலப் படங்களை நாசா அப்படியே இணையத்தில் போட்டுவைத்திருக்கிறது. கலம் நிமிஷத்துக்கு இரண்டு சுற்று சுழல்வதால் அவை சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனிக் கீற்றுகளாகத்தான் வரும். சேர்த்து ஒட்டி, நிறம் கூட்டி, வளைவைச் சரிசெய்வது பொதுமக்கள் வேலை. உலகம் வாய்பிளந்து பார்த்த வியாழன் சுழல்கள் பலவற்றை ஒட்டியது ஜெரால்ட் ஐக்ஷ்டேட் என்ற ஜெர்மன் கணிதக்காரர். ஒரு லேப்டாப்பும் நெட் கனெக்‌ஷனும் இருந்தால் அடுத்த கீற்றுகள் உங்களுக்கு!