வீட்டுக்கு அனுப்பும் முன்

கொரோனா தொடங்கியபோது இந்தியாவின் குழந்தைகள் இல்லங்களில் 2,27,518 பேர் இருந்தார்கள். அவர்களில் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பப்பட்டுவிட்டதாக 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இல்லத்துப் பிள்ளைகள் என்றாலே நாதியற்றவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த நமக்கு இந்தக் கணக்கு ஒன்றைச் சொல்கிறது: இவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருந்தது, ஏற்றுக்கொள்ள ஒரு தாயோ பாட்டியோ சித்தப்பாவோ இருந்தார்கள். அப்படியானால் அவர்கள் இல்லத்துக்கு வரவேண்டியிருந்தது ஏன்? அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் பிள்ளைகளை மட்டும் திருப்பி அனுப்பினால், அடுத்த ஜூன் மாதம் அவர்கள் மறுபடியும் வாசலில் வந்து நிற்பார்கள்.

கணவனை இழந்த ஒரு பெண் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சூளை இருக்கும் ஊர் வேறு, பிள்ளைகள் படிக்கும் பள்ளி இருக்கும் ஊர் வேறு. மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பெண் குழந்தை என்றால் பயம் இரட்டிப்பு. இல்லத்தில் சேர்த்தால் மூன்று வேளை சாப்பாடு, சீருடை, படிப்பு, படுக்க இடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. அந்தத் தாய் பாசமில்லாமல் அந்த முடிவை எடுக்கவில்லை. ஊரில் கிடைக்காத உதவிகள் அனைத்தும் ஒரு கட்டடத்துக்குள் கிடைப்பதால், பிள்ளையையும் அங்கே கொண்டுபோய் விடுகிறார். ஆக, இல்லம் நிறைவதற்கு முதல் காரணம் ஊரில் உள்ள சேவைக் குறைவு.

பசி இல்லாமல் வளர்கிறார்களே, போதாதா என்று கேட்பவர்களுக்கு ருமேனியா பதில் சொல்கிறது. கருக்கலைப்பைத் தடை செய்து 1966-ல் சௌஷெஸ்கு அரசு கொண்டுவந்த ஆணை, வறுமையோடு சேர்ந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசுக் காப்பகங்களுக்குத் தள்ளியது. அமெரிக்க ஆய்வாளர்களான சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் புக்காரெஸ்ட் காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நாலரை வயதில் சோதித்தபோது காப்பகப் பிரிவினரின் சராசரி நுண்ணறிவு ஈவு 73. வளர்ப்புக் குடும்பப் பிரிவினருக்கு 81. பிறந்ததிலிருந்து சொந்த வீட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகளே அதிகம் தேறினார்கள். ஒரு குழந்தையின் அழுகைக்கு ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஓடிவருவதில்தான் மூளை வளர்கிறது. நேரத்துக்கு நேரம் ஆள் மாறும் இடத்தில் அது நடப்பதில்லை. இந்த ஆய்வில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. ஆய்வு தொடங்கியபோது புக்காரெஸ்டில் வளர்ப்புக் குடும்ப முறை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆய்வுக் குழுவே குடும்பங்களைத் தேடி, பயிற்சியும் உதவித்தொகையும் கொடுத்து, சமூகப் பணியாளர்களை அடிக்கடி வீட்டுக்கு அனுப்பி அந்த முறையை உருவாக்கியது.

இந்தியச் சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்கிறது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க, ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தமிழ்நாடு 2025-ல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. ஆனால் இத்தகைய உதவியை ஒரு தாய் பெறும் வழியைப் பாருங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, பள்ளியில் படிக்கும் சான்று, வங்கிக் கணக்கு, கணவரின் இறப்புச் சான்று எல்லாம் வேண்டும். கணவர் சாகாமல் விட்டுவிட்டுப் போயிருந்தால், கைவிடப்பட்டவர் என்று இன்னொரு சான்று. இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம், மாவட்டத் தலைநகரம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலி போகும். இல்லத்தில் சேர்ப்பது இதைவிட எளிது என்றால், அந்தத் தாய் எதைத் தேர்ந்தெடுப்பார்?

2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்கு இல்லப் பிள்ளைகளை 100 நாட்களுக்குள் குடும்பத்தோடு சேர்க்கும்படி எழுதியது. நோக்கம் சரி, வழி தவறு. வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்காக, வசதியற்ற குடும்பங்களுக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றமே பிறகு சொல்லவேண்டியிருந்தது. 2012-ல் இல்லங்களை மூடத் தீர்மானித்த ருவாண்டா, நம்மைவிட ஏழை நாடு, ஊருக்குள் உதவியையும் கூடவே கட்டியெழுப்பியது. மாவட்டங்களில் சமூகப் பணியாளர்களையும் உளவியலாளர்களையும் நியமித்தது. ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் ஆண், ஒரு பெண் என்று குடும்பங்களுக்குத் துணைநிற்கும் தன்னார்வலர்களை அமர்த்தியது.

வீடே ஆபத்தாக இருக்கும் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பது நியாயமான கேள்வி. குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன், குழந்தைத் திருமணம், பாலியல் வன்முறை எல்லாம் கண்முன் உள்ள உண்மைகள். அந்தப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. அவர்களுக்கு உறவினர் வீடு, அதுவும் இல்லையென்றால் வளர்ப்புக் குடும்பம், அதன் பிறகே சிறிய அளவிலான இல்லம். ஆனால் யாருடைய வீடு ஆபத்தானது என்பதை நேரில் போய்ப் பார்த்துச் சொல்லவும் ஊருக்குள் ஒருவர் வேண்டும். இல்லம் என்றாலே பாதுகாப்பு என்பதும் உண்மையில்லை. தமிழ்நாட்டு இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்பட்டது பற்றிய 2007-ம் ஆண்டு வழக்கில்தான், எல்லா இல்லங்களையும் பதிவுசெய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2017-ல் உத்தரவிட்டது. சாதி பார்க்கும் சமூகத்தில் யார் பிள்ளையை யார் வளர்ப்பார்கள் என்றும் கேட்கிறார்கள். தடை இருப்பது உண்மை. ஆனால் முன்பின் தெரியாத குடும்பம் தேவைப்படுவது சிலருக்குத்தான். மற்றவர்களுக்குச் சொந்தபந்தம் இருக்கிறது, அதைத் தாங்கிப்பிடிக்கும் உதவிதான் இல்லை.

நமக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. அங்கன்வாடி, காலை உணவு, கிராம சுகாதார செவிலியர், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு எல்லாம் உண்டு. இவற்றை ஒரு குடும்பத்துக்காக ஒன்றுசேர்க்க, சம்பளம் பெறும் ஒரு சமூகப் பணியாளர் ஒன்றியந்தோறும் வேண்டும். விண்ணப்பத்தை எழுதி, சான்றுகளை வாங்கிக் கொடுத்து, பணம் வந்து சேரும்வரை பின்தொடர்வது அவர் வேலையாக இருக்கவேண்டும். மாலை நேரக் காப்பகம் வேண்டும். சில ஆண்டுகளுக்கு இல்லத்துக்கும் ஊருக்கும் இரட்டைச் செலவு ஆகும். அதை அரசு முன்கூட்டியே ஒதுக்கவேண்டும். பிறந்த நாளில் இல்லத்துக்கு அன்னதானம் செய்யும் நல்ல மனங்கள், அதே பணத்தில் ஒரு பாட்டி தன் பேரனைக் கூடவே வைத்துக்கொள்ள உதவலாம். எத்தனை இல்லங்களை மூடினோம் என்று கணக்குக் காட்டுவதில் பெருமை இல்லை. வீடு திரும்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போகிறார்கள் என்பதை ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். அந்த எண்ணை உயர்த்துவதுதான் அரசின் பொறுப்பு.