மாடு, குதிரைகளின் குளம்புக் காப்பு: லாடமும் குளம்புச் செருப்பும்

வேலை செய்யும் கால்நடைக்குக் குளம்பே மூலதனம். தீனியும் உடற்கட்டும் எவ்வளவு நன்றாயிருந்தபோதிலும், நான்கு கால்களுள் ஒன்று நொண்டினால் அந்த மாடு வண்டிக்கும் ஏருக்கும் உதவாது. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பகுதிகளிலுள்ள மானாவாரிக் கரிசல் நிலங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்த ஈரம் காய்வதற்குள் விதைப்பை முடித்தாக வேண்டும் என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. புரட்டாசி ஐப்பசியில் பத்து நாள் மாடு நொண்டிப் படுத்துவிட்டால் அவ்வருஷத்து வெள்ளாமையே பின்தங்கிவிடும்.

உழவில் பெரும்பகுதியை டிராக்டர் ஏற்றுக்கொண்டுவிட்ட இக்காலத்திலும், பருத்தி, மக்காச்சோளம் ஆகியவற்றின் இடையுழவுக்கும், எரு ஏற்றுவதற்கும், வண்டிப் பந்தயத்துக்கும் மாடு வைத்திருப்போர் நம் ஜில்லாவில் உண்டு. சவாரிக்கும் பந்தயத்துக்கும் குதிரை வளர்ப்போரும் உளர். இவர்கள் எல்லோருக்கும் எழும் வினா ஒன்றே. கால்நடைக்கு இரும்பு லாடம் கட்டுவதா, வெறுங்காலாகவே விடுவதா, அல்லது இப்போது விற்பனைக்கு வந்திருக்கும் கழற்றி மாட்டக்கூடிய குளம்புச் செருப்பை வாங்குவதா? அயலார் செய்வதைப் பார்த்து இதைத் தீர்மானிக்கலாகாது. அவரவர் கால்நடை நடக்கும் தரையையும், அதன் குளம்பையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

குளம்பின் வரவும் செலவும்

குளம்பு நம் நகத்தைப் போன்றது. மயிரும் குளம்பும் சந்திக்கும் விளிம்பிலிருந்து அது இடைவிடாமல் கீழ்நோக்கி வளர்கிறது. மாட்டின் குளம்பு மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டரும், குதிரையின் குளம்பு சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டரும் வளரும். இது வரவு. தரையில் உராய்ந்து தேய்வது செலவு. வரவும் செலவும் சமமாயிருக்கும் வரையில் குளம்புக்கு யாதொரு காப்பும் வேண்டுவதில்லை.

கரிசல் மண்ணில் மட்டும் நடக்கும் மாட்டுக்குச் செலவு குறைவு. குளம்பு நீண்டு, முன்புறம் வளைந்து, நடை கெடும். அதற்கு வேண்டியது லாடமன்று, செதுக்குதலே. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சரளைப் பாதைகளிலும் தார்ச்சாலைகளிலும் பாரம் இழுக்கும் மாட்டுக்கோ செலவு மிகுதி. வளர்வதைக் காட்டிலும் வேகமாகத் தேய்ந்து, உள்ளங்கால் மெலிந்து, கல் உறுத்தி, பின்பு சீழ் கட்டி நொண்டத் தொடங்கும்.

இக்கணக்கைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று குளம்பின் முன்பக்கத்தை மயிர் விளிம்பிலிருந்து தரை வரையில் அளந்து குறித்து வைக்கவும். நீளம் கூடிக்கொண்டே போனால் செதுக்க வேண்டும். செதுக்காமலே இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் காப்பு வேண்டும். அத்துடன், குளம்பைக் கழுவி, உள்ளங்காலைக் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பார்க்கவும். அது அமுங்கினாலும், கால்நடை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாலும், உள்ளங்கால் மெலிந்துவிட்டதென்று கொள்ளலாம். அப்படிப்பட்ட கால்நடையை அடுத்த மாதக் கணக்குக்குக் காத்திராமல் கடினமான தரையிலிருந்து உடனே விலக்க வேண்டும்.

இரும்பு லாடம்

தினந்தோறும் தார்ச்சாலையில் பாரவண்டி இழுக்கும் மாட்டுக்கு இரும்பு லாடமே இன்றும் சிக்கனமானது. மாட்டின் குளம்பு பிளவுபட்டிருப்பதால் காலுக்கு இரண்டாக எட்டுத் தகடுகளும், குதிரைக்குக் காலுக்கு ஒன்றாக நான்கும் வேண்டும். ஆணியை வெளிச்சுவரிலேயே அடிக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மாட்டைக் கயிறிட்டுச் சாய்க்கும் இடம் மணற்பாங்காகவோ, வைக்கோல் பரப்பியதாகவோ இருத்தல் வேண்டும். தீனி தின்று வயிறு நிறைந்திருக்கும்போது சாய்க்கலாகாது. இரண்டாவது, லாடம் கட்டிய அன்றோ மறுநாளோ மாடு நொண்டினால், ஆணி உயிர்த்தசையில் ஏறியிருக்கக்கூடும். உடனே அவ்வாணியைப் பிடுங்கிப் புண்ணுக்கு வைத்தியம் செய்விக்க வேண்டும். குதிரைகளுக்கு இத்தகைய புண்ணின் வழியே ரணஜன்னி எளிதில் உண்டாகும்; அது பெரும்பாலும் உயிரைக் கொள்ளும். ஆகையால் குதிரை வைத்திருப்போர் அதற்குரிய தடுப்பூசியை முன்னதாகவே போட்டுவைப்பது அவசியம். மூன்றாவது, லாடத்தின் அடியிலும் குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, மறுபடியும் கட்ட வேண்டும். ஒரு புறம் கழன்று ஆடும் லாடம் லாடமே இல்லாததைவிடக் கேடானது.

பட்டாசு வட்டாரத்துக்குரிய எச்சரிக்கை

1923-ஆம் ஆண்டில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றி, பின்னர் பட்டாசுத் தொழிலும் சுற்றுக் கிராமங்களில் பரவியது. இவ்வட்டாரத்தில் லாடத்தைப் பற்றி மற்ற ஜில்லாக்களுக்கு இல்லாத ஒரு கவலை நமக்கு உண்டு. இரும்பு கல்லில் உரசும்போது நுண்ணிய இரும்புத் துகள் பிய்ந்து, காற்றுப் பட்டு எரிந்து பறக்கிறது. இதுவே நாம் காணும் தீப்பொறி. இரவில் லாடம் கட்டிய மாடு கற்பாதையில் நடக்கையில் இதைக் கண்ணால் காணலாம். கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பொடி முதலியவை கலந்த தூசிக்கு அத்தகைய பொறி ஒன்றே போதும். இதனாலேயே பட்டாசு மருந்து புழங்கும் இடங்களில் இரும்பாணி தைத்த செருப்பையும் இரும்புக் கருவிகளையும் விலக்கி வைக்கிறார்கள். இங்கிலாந்தின் பழைய வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்த குதிரைகளுக்கு இரும்பு லாடத்தை விடுத்துச் செம்பு லாடம் கட்டியதும் இக்காரணம் பற்றியே.

ஆகவே, பட்டாசு ஆலை, மருந்துக் கிடங்கு, கழிவு கொட்டும் இடம் ஆகியவற்றின் அருகில் நிலம் வைத்திருப்போர், லாடம் கட்டிய கால்நடையையும் இரும்புப் பட்டை போட்ட வண்டியையும் அவ்வழியே ஓட்டாமல் சுற்றுப்பாதையில் ஓட்ட வேண்டும். ரப்பர்ச் செருப்பு அணிவித்தால் உள்ளே ஓட்டிச் செல்லலாம் என்று எண்ணுவதும் தவறு. ரப்பரின் வழியே மின்னேற்றம் தரைக்கு இறங்காமல் உடலிலேயே தங்கும். அதுவும் பொறியை உண்டாக்கக்கூடும். ஆலை எல்லைக்குள் கால்நடைக்கு வேலையில்லை என்பதே சரியான விதி.

குளம்புச் செருப்பு யாருக்கு உதவும்?

கால்நடைக்குச் செருப்பு அணிவிப்பது புதிய யோசனையன்று. பண்டை ரோமர்கள் குதிரைக் குளம்பில் கட்டி அவிழ்க்கும் இரும்புக் கவசத்தை உபயோகித்தனர். ஜப்பானியர் குதிரைக்கும் மாட்டுக்கும் வைக்கோலால் செருப்பு முடைந்து கட்டினர். இன்று அவை ரப்பரிலும் உறுதியான பிளாஸ்டிக்கிலும், வார், கொக்கி, ஒட்டுப்பட்டை முதலியவற்றுடன் செய்யப்படுகின்றன. ஆணி இல்லை, கால்நடையைச் சாய்க்க வேண்டியதும் இல்லை, வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம் என்பவை இவற்றின் அனுகூலங்கள்.

ஆயினும் இவை எல்லோருக்கும் ஏற்றவையல்ல. பெரும்பாலும் மண்ணில் வெறுங்காலாக நடந்து, எப்போதாவது தார்ச்சாலையிலோ கற்பாதையிலோ செல்லும் குதிரைக்கு இவை மிகவும் ஏற்றவை. லாடத்தைக் கழற்றிய பிறகு உள்ளங்கால் மென்மையாயிருக்கும் சில வாரங்களுக்கும், உள்ளங்காலில் கல் குத்திய புண் ஆறும் வரையிலும் இவை உதவும். திண்டுக்கல் ஜில்லா சிறுமலையில் விளைபொருளைச் சுமந்து செல்லும் குதிரைகளைப் போலக் கல் நிறைந்த மலைப்பாதையில் நடக்கும் குதிரைகளுக்கும் இவை தகும். மாறாக, நாள் முழுதும் தார்ச்சாலையில் பாரம் இழுக்கும் கால்நடைக்கு இவை சீக்கிரம் தேய்வதோடு, தோலையும் உரசிப் புண்ணாக்கும். அதற்கு லாடமே மேல். கரிசல் சேற்றில் உழும்போது செருப்பு சேற்றோடு ஒட்டிக் கழன்றுபோகும். அங்கு வெறுங்காலே மேல்.

மாட்டுக்கு வாங்குவோர், பிளவுபட்ட குளம்புக்கென்று தனி அச்சில் செய்ததையே வாங்க வேண்டும். குதிரையின் செருப்பை மாட்டுக்கு மாட்டலாகாது. மாட்டின் இரு குளம்புகளுள் ஒன்றுக்கு மட்டும் நோவு இருந்தால், நல்ல குளம்பின் அடியில் மரக்கட்டையோ ரப்பர்த் தகடோ ஒட்டி உயர்த்தி, நோயுற்ற குளம்பு தரையில் படாமல் ஓய்வு கொடுக்கும் முறை ஒன்றுண்டு. அதைக் கால்நடை மருத்துவரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

குதிரைக்கு அளவெடுத்துத் தேர்ந்தெடுத்தல்

1. முதலில் குளம்பைச் செதுக்கிச் சீராக்கி, அன்றோ மறுநாளோ அளவெடுக்கவும். வளர்ந்த குளம்பில் எடுத்த அளவு பொய்யளவாகும்.

2. காலைத் தூக்கிப் பிடித்து, குளம்பின் அடியில் மிக அகன்ற இடத்தில் அகலத்தை அளக்கவும். முன்நுனியிலிருந்து குதிகால் சுவர் தரையில் பதியும் கடைசி இடம் வரையில் நீளத்தை அளக்கவும். அதற்குப் பின்னால் உள்ள சதைமேட்டைச் சேர்க்கலாகாது.

3. நான்கு கால்களையும் தனித்தனியே அளக்கவும். முன்குளம்பு பெரும்பாலும் வட்டமாகவும், பின்குளம்பு சற்று நீண்டும் இருக்கும். இடத்துக்கும் வலத்துக்குமே வித்தியாசம் இருப்பதுண்டு.

4. அகலம், நீளம் இரண்டும் விற்பவரின் அட்டவணைக்குப் பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் பொருந்தினால் அந்த வகையை விட்டு வேறு வகையைப் பார்க்கவும். பெரியதாக வாங்கித் துணி திணிப்பது புண்ணுக்கே வழி.

5. குதிரையின் எடையில் சுமார் ஐந்தில் மூன்று பங்கை முன்கால்கள் தாங்குகின்றன. இரண்டு செருப்புகளே வாங்க இயலுமாயின் முன்கால்களுக்கே வாங்கவும்.

6. மாட்டிய பின் கையால் பிடித்துத் திருகிப் பார்க்கவும். செருப்பு குளம்பின்மேல் சுழலக்கூடாது. மேல்விளிம்பு மயிர் விளிம்பையும் குதிகால் மேட்டையும் அழுத்தக்கூடாது.

7. தண்ணீரும் மணலும் வெளியேற அடியில் துவாரம் இருக்கிறதா என்றும், தேய்ந்த வார்களுக்கு மாற்று கிடைக்குமா என்றும் வாங்குமுன் கேட்டுக்கொள்ளவும்.

அணிவிக்கும் முறை

முதல் நாள் கால் மணி நேரம் மட்டும் மெதுவாக நடத்தி, வட்டமாகத் திருப்பி, செருப்பைக் கழற்றிப் பார்க்கவும். மயிர் தேய்ந்தோ, தோல் சிவந்தோ, சூடாகவோ இருந்தால் அளவு சரியில்லை. குறையில்லையானால் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் குளம்பின் அடியிலுள்ள கல், மண், சாணம் ஆகியவற்றை நீக்க வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றி, கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். இரவும் பகலும் போட்டே வைத்திருந்தால் ஈரமும் வெப்பமும் தங்கிக் குளம்பு அழுகும். ஒரு கால்நடையின் செருப்பை மற்றொன்றுக்கு மாட்டுவது கூடாது. விசேஷமாக, கோமாரி பரவியிருக்கும் காலத்தில் செருப்பு, கயிறு, கத்தி ஆகிய யாவும் நோயைச் சுமந்து செல்லும் என்பதை மறக்கலாகாது.

செருப்பு அணிவித்தபோதிலும் குளம்பைச் செதுக்கும் முறையை நிறுத்தக்கூடாது. நொண்டும் கால்நடைக்குக் காரணம் அறியாமல் செருப்பு மாட்டுவதும் கூடாது. உள்ளே சீழ் இருந்தால் செருப்பு அதை மறைத்துவிடும். அப்போது அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்கவும்; 1962 என்ற எண்ணில் தொலைபேசி மூலம் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியையும் அழைக்கலாம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு

2001-ஆம் ஆண்டின் கால்நடைகளை நடத்திச் செல்லும் விதிகள், 5 கிலோமீட்டரும் அதற்கு மேலும் கால்நடையாக ஓட்டிச் செல்லப்படும் விலங்குகளைப் பற்றியவை. லாடம் இல்லாத கால்நடைகளைச் சிமிட்டி, தார், சரளைச் சாலைகளிலும், செங்குத்தான அல்லது பாறை நிறைந்த வழிகளிலும் ஓட்டுவதை அவை தடுக்கின்றன. சந்தைக்கு ஓட்டுவோருக்கும், ஊர்விட்டு ஊர் கிடை போடச் செல்லும் புலிக்குளம் மாட்டு மந்தைக்காரர்களுக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். மந்தைகள் மண்ணிலேயே நடந்து செல்லும்படி, கிராமத்து வண்டிப்பாதைகளும் கண்மாய்க் கரை வழிகளும் ஆக்கிரமிப்பின்றித் திறந்திருக்கச் செய்வது உத்தியோகஸ்தர்கள் கையில் உள்ளது.

1965-ஆம் ஆண்டின் பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளைப் பற்றிய விதிகளின்படி, ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடையே ஓய்வின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரிக்கு மேற்பட்ட இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரையில் வேலையே கூடாது. மட்டக்குதிரையின் மேல் 70 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது. சித்திரை வைகாசி வெயிலில் நம் ஜில்லாத் தார்ச்சாலையின் சூட்டை அறிந்தவர்களுக்கு இவ்விதியின் நியாயம் விளங்கும்.

சுருங்கச் சொன்னால், மண்ணில் நடப்பதற்கு வெறுங்காலும் செதுக்குதலும், தினசரிச் சாலைப் பாரத்துக்கு லாடமும், எப்போதாவது கல்லில் நடப்பதற்கும் நோவுற்ற காலுக்கும் செருப்பும் ஏற்றவை. புரட்டாசி வந்த பின் குளம்பைப் பார்ப்பதில் பயனில்லை. ஆடி மாதத்திலேயே ஒவ்வொரு காலையும் தூக்கிப் பார்த்து, வேண்டியதைச் செய்து, விதைப்புக்கு முன் கால்நடைகளை ஆயத்தமாக்கிக்கொள்ளுமாறு குடியானவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.