இடுப்படித் தசைகளும் மகளிர் நலமும்

சென்னையில் கப்பலேறி அந்தமானுக்கு வருவோர் ஏறத்தாழ மூன்று நாட்களைக் கடலிலேயே கழிக்க வேண்டியிருக்கிறது. தீவுக்குத் தீவு செல்லும் கப்பல்களிலும் பல மணி நேரப் பயணம் உண்டு. இத்தகைய பயணத்திற்கு முதல் நாளே தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. இருமினாலோ தும்மினாலோ கப்பலின் ஆட்டத்தில் உடல் குலுங்கினாலோ, தம்மையறியாமல் சிறுநீர் கசிந்துவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். இதனை அவர்கள் வீட்டாரிடம் கூறுவதில்லை, மருத்துவரிடமும் கூறுவதில்லை. 'பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்' என்று தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொள்கின்றனர். இவ்வெண்ணம் தவறானது, இக்குறை பெரும்பாலும் தணிக்கக் கூடியதே.

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்புற எலும்பிலிருந்து பின்னேயுள்ள வாலெலும்பு வரை, தூளி கட்டியதுபோல் சில தசைகள் அமைந்துள்ளன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குவது இத்தூளியே. சிறுநீரையும் மலத்தையும் உரிய வேளை வரை அடக்கிவைக்க உதவுவதும் இதுவே. கருவுற்ற காலத்தின் பாரத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் இத்தசைகள் தளர்கின்றன. அறுவை மூலம் குழந்தை பெற்றோரும் இதற்கு முற்றிலும் விலக்கானவர் அல்லர். நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், ஓயாமல் பாரம் தூக்குதல், மாதவிடாய் நின்றபின் நேரும் மாறுதல்கள் ஆகியவையும் தளர்ச்சியை மிகுவிக்கும். தளர்ச்சி முற்றினால் கருப்பை கீழிறங்குவதும் உண்டு. அடி இறங்குதல் என்று முதியோர் கூறுவது இதனையே.

கை கால் தசைகளைப் போலவே இத்தசைகளையும் பயிற்சியால் வலுப்படுத்தலாம். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ஆம் ஆண்டில் இதற்கான பயிற்சியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். இன்றும் இத்தகைய சிறுநீர்க் கசிவுக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது இப்பயிற்சியையே.

படுத்த நிலையிலோ அமர்ந்த நிலையிலோ இதனைச் செய்யலாம். வயிற்றுக் காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் தசைகளைச் சுருக்கி, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். 3 முதல் 5 வினாடி அவ்வாறே நிறுத்தி, பின்னர் அதே அளவு நேரம் முழுவதும் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 முதல் 10 முறை, நாளொன்றுக்கு 3 வேளை செய்தல் நன்று. வலிமை கூடக் கூட, 10 வினாடி வரை நீட்டிக்கலாம். மூச்சை அடக்கலாகாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கலாகாது, கீழ்நோக்கி முக்குதல் அறவே கூடாது. சிறுநீர் கழிக்கும்போது இடையிடையே நிறுத்திப் பழகுவதும் தவறு. பலன் தெரிய ஏறக்குறைய 3 மாதம் ஆகலாம். அதற்குள் மனம் தளர்ந்து கைவிட்டுவிடக் கூடாது.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். முதலில் இத்தசைகளைச் சுருக்கி, மூச்சை வெளிவிட்டுக்கொண்டே தூக்குக. இருமல் வரும்போதும் முன்னதாகச் சுருக்கிக்கொள்ளலாம். மகப்பேற்றுக்குப் பின் மருத்துவரின் இசைவு பெற்று மெல்லத் தொடங்குக. குதிப்பதும் பெரும் பாரம் தூக்குவதும் உடல் தேறிய பின்னரே ஆகட்டும்.

தண்ணீரைக் குறைப்பது நோயை வளர்க்கும் செயலேயாகும். நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைந்து பையை உறுத்தும், மலம் இறுகும், முக்க முக்கத் தசை மேலும் தளரும்.

பயிற்சியால் வலி தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். சிலருக்குத் தசை தளராமல் இறுகியிருப்பதுண்டு. அவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சியே. சிறுநீரில் இரத்தம், எரிச்சல், கீழே ஏதோ புடைத்து இறங்கும் உணர்வு ஆகியவை இருந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாடுக. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை உள்ளது. வெளித் தீவினர் முதலில் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் கூறலாம். இறங்கிய கருப்பையைத் தாங்கும் வளையமும், தேவையானால் அறுவை மருத்துவமும் உண்டு.

கூச்சத்தால் மறைக்கப்படும் நோய்க்கு மருத்துவம் கிட்டுவதில்லை. தாயாயினும் மகளாயினும், வீட்டில் ஒருவர் வாய்திறந்து பேசத் தொடங்கினால், மற்றவரும் பேசத் துணிவர்.